ரெண்டு கிபாஸ்

லாசரஸுக்குப் பொய் சொல்ல வராது என்பது, ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். சீட்டாட உட்கார்ந்தால் கையில் இருப்பது முகத்தில் வந்துவிடும். எதிரே இருப்பவன் சிரித்துக்கொண்டே சீட்டைக் கவிழ்த்துவிடுவான். அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மனைவியை ஏமாற்றினார். அதற்கும் பொய் சொல்லவில்லை, உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மைக்குப் பதில் அவர் ஒரு பச்சைப் பொய்யைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். முகம் காட்டிக் கொடுத்திருக்கும், அவளும் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள்.

அவர் தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் பிறந்தவர். கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் கம்பெனி ஒன்றில் லாஞ்சு ஓட்டினார். மனைவி பிரிஜட்டின் அப்பா அருளானந்தமும் கடல்காரர்தான். அவர் ஓட்டிய மரப்படகில் எஞ்சின் ஒன்றுதான். ஒருநாள் மத்தியானம் அது நடுக்கடலில் நின்றுபோயிற்று. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தோனேசியப் பக்கம் ஒரு மணல்மேட்டில் படகு மட்டும் கிடைத்தது. தாயும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்ததால், தம்பி அற்புதராஜை இடுப்பில் வைத்து வளர்க்கும் வேலை பிரிஜட் தலையில் விழுந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் 'ஒத்தை எஞ்சின்' என்பது வசைச்சொல் ஆகிவிட்டது. சொன்ன வேலையைச் செய்யாதவன் ஒத்தை எஞ்சின். பாதியில் கைவிட்டவன் ஒத்தை எஞ்சின். லாசரஸ் பெண் பார்க்க வந்தபோது, பலகாரத் தட்டை வைத்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வியே "உங்க போட்டுல எத்தனை கிபாஸ்?" என்பதுதான். மாப்பிள்ளை வீட்டார் முழித்தார்கள். லாசரஸ் மட்டும் புரிந்துகொண்டு, "ரெண்டு" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

கிபாஸ் என்றால் மலாயில் விசிறி. படகுத்துறையில் ப்ரொப்பெல்லருக்கும் அதே பெயர்தான். அந்தக் காலத்தில் எஞ்சினுக்கு ஒரு கிபாஸ். ஆகவே ரெண்டு கிபாஸ் என்றால் ரெண்டு எஞ்சின், ஒன்று நின்றாலும் மற்றொன்று கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று அர்த்தம். துறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1985இல் தொழில் மந்தத்தில் ஊரே படுத்துவிட்டது. லாசரஸின் கம்பெனி மூடப்பட்டது. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த அற்புதராஜுக்கும் வேலை போயிற்று. முப்பது தாண்டியும் கல்யாணமாகாத அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான். கிளமெண்டியில் அந்தச் சின்ன வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் பகல் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிரிஜட் அடுத்த புளோக் வீடுகளுக்குத் துணி தேய்க்கப் போக ஆரம்பித்தாள். லாசரஸ் சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை.

அப்போதுதான் பழைய முதலாளியின் உல்லாசப் படகு ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதில் ஆட்களைத் தீவுகளுக்கு ஏற்றிப்போனால் பிழைத்துக்கொள்ளலாம். எஞ்சின் நன்றாக இருந்தது. கால்தான் முறிந்திருந்தது. அந்தமாதிரிப் படகில் எஞ்சின் பின்பக்கம் உள்ளே இருக்கும். அதிலிருந்து வெளியே தண்ணீருக்குள் இறங்கும் பாகத்தைக் கால் என்பார்கள், கிபாஸ் அதன் நுனியில் சுற்றும். கால் புதிதாக வாங்கிவிடலாம். ஆனால் எஞ்சின் ஒன்றுதானே! பிரிஜட்டிடம் எந்த வாயால் சொல்வது என்று அவர் மறுகினார். அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அவள் அப்பா போன கதைக்கு எதிராக என்ன நியாயம் பேச முடியும்?

படகுச் சாமான் கடையில் விற்பனையாளர் தனசேகரன் இரண்டு விதக் கால்களைக் காட்டினார். ஒன்றில் வழக்கம்போல ஒரு கிபாஸ். இன்னொன்றில் ஒரே காலில் முன்னும் பின்னுமாக இரண்டு, ஒன்று வலப்பக்கம் சுற்றினால் மற்றது இடப்பக்கம்.

"இது புதுசா வந்தது அண்ணே. தண்ணிய நல்லாப் புடிக்கும், ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்காது, ஆள் நெறைய ஏத்தினாலும் திணறாது. ஆனா உங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீங்க தீவுப் பக்கம் போறவரு. அங்க வலை, நைலான் கயிறு எல்லாம் மிதந்து வரும். சிங்கிள்னா கத்திய வச்சு அறுத்துட்டு வந்துடலாம். இதுல ரெண்டுக்கும் நடுவுல சிக்கிச்சுன்னா உருகி இறுகிடும், லேசுல வராது. ஸ்பேர் பார்ட்ஸும் லேட்டாதான் வரும் லா."

லாசரஸும் ஒற்றைக் கிபாஸ் வாங்கும் முடிவோடுதான் போயிருந்தார். அவர் தொழிலுக்கு அதுதான் சரி, அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் தனசேகரன் வாயிலிருந்து வந்த 'ரெண்டு' அவர் காதில் வேறு மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரம் அந்த இரட்டைக் கிபாஸைக் கையால் தள்ளிச் சுற்றிப் பார்த்தார். "இதையே குடுங்க" என்றார். தனசேகரன் தோளைக் குலுக்கிக்கொண்டார்.

அன்று மாலை பிரிஜட் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். படகு விஷயத்தைச் சொன்னதும் கை நின்றது.

"எத்தனை கிபாஸ்?"

"ரெண்டு கிபாஸ், பிரிஜட்."

அவள் முதுகு தளர்ந்ததை அவர் பார்த்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். "அப்போ அற்புதத்தையும் கூட்டிட்டுப் போங்க. வீட்ல மோட்டுவளையப் பாத்துட்டே இருக்கான்" என்றாள். தம்பியைக் கடல் பக்கமே அண்டவிடாமல் வளர்த்தவள்! லாசரஸ் இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு மீனைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

படகில் கால் வைத்த முதல்நாளே அற்புதராஜ் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், அக்கா ரெண்டு எஞ்சின்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுது!"

"நான் எஞ்சின்னு சொல்லலடா. கிபாஸ்னுதான் சொன்னேன்."

"பயங்கர ஆளு லா நீங்க. சரி விடுங்க, அது நிம்மதியா தூங்கட்டும்."

அவள் தூங்கினாள். முன்பெல்லாம் லாசரஸ் வர ஒரு மணி நேரம் தாமதமானால், இன்றைக்கு எந்தப் படகைக் கொடுத்தார்களோ என்று கம்பெனிக்கு போன் மேல் போன் போட்டு மானத்தை வாங்குகிறவள், இப்போது எப்போது வந்தாலும் சோற்றை மூடிவைத்துவிட்டு நிம்மதியாகக் குறட்டை விட்டாள். கையில் நாலு காசு புழங்கியது. தம்பிக்குப் பெண் பார்க்கக்கூட ஆரம்பித்துவிட்டாள்.

மறுவருடம் ஒரு சனிக்கிழமை, மீன்பிடிக்க வந்த ஒரு கூட்டத்தைக் காலையில் செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டு இருவரும் வெறும் படகோடு திரும்பினார்கள். வழியில் அறுந்த வலை ஒன்று தண்ணீருக்கடியில் கிடந்தது. எஞ்சின் ஒரு முறை உறுமிவிட்டு நின்றது. காலைத் தூக்கிப் பார்த்தால் இரண்டு கிபாஸுக்கும் நடுவில் நைலான் உருகிக் கல்லாகிக் கிடந்தது. நங்கூரம் போட்டார்கள், ஆழம் அதிகம், பிடிக்கவில்லை. படகு மெல்ல மெல்லப் பெரிய கப்பல்கள் போகிற பாதைக்கு நகர்ந்தது. சட்டையைக் கழற்றி ஆட்டினார்கள். கப்பல்காரர்களுக்கு இந்தச் சின்னப் படகு எங்கே கண்ணில் படப்போகிறது?

அற்புதராஜ் கத்தியோடு இறங்கி அறுத்தான். ஏறி மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினான். வெயில் ஏறி இறங்கத் தொடங்கியும் கிபாஸ் அசையவில்லை.

"கவலைப்படாதீங்க அத்தான். அக்கா இந்நேரம் போலீஸ்லேர்ந்து சாமியார் வரைக்கும் எல்லாரையும் எழுப்பியிருக்கும்" என்றான், பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே.

 சொல்லிவிட்டு லாசரஸின் முகத்தைப் பார்த்தான். பார்த்தவனுக்குத் தானாகவே நினைவு வந்துவிட்டது. அவன் சிரிப்பு அடங்கியது.

"ஆமா, அக்காதான் ரெண்டு எஞ்சின்னு நெனச்சிட்டிருக்குல்ல" என்றான் மெதுவாக. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட லாசரஸ் தாங்கியிருப்பார்.

"ஏறி வாடா, போதும்" என்றார்.

"இன்னும் கொஞ்சந்தான் அத்தான்."

சாயங்காலம் ஒரு எண்ணெய்க் கப்பல் கடந்து போயிற்று. அதன் அலை வந்து படகின் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் இருந்த அற்புதராஜின் தலைமேல் போட்டது. அவன் கத்தக்கூட இல்லை. லாசரஸ் குதித்தார். துழாவினார், மூழ்கினார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையில் தண்ணீரைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. ரோந்து வந்த மரைன் போலீஸ் அவரைப் பிடித்து இழுத்துப் போட்டபோதும் அதே பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உடலை மறுநாள் எடுத்தார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரிஜட் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டுமா நின்னு போச்சு?"

"ரெண்டும் நின்னுடுச்சு" என்றார் லாசரஸ். அதுவும் உண்மைதான். அழுது வீங்கிய முகத்தில் அவள் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதன் பிறகு அவள் பேசின பேச்சுதான் அவரைக் கொன்றது. துக்கம் கேட்க வந்தவர்களில் யாராவது லாசரஸின் கவனக்குறைவைப் பற்றி வாயைத் திறந்தால் சீறி எழுந்தாள். "ரெண்டும் ஒரே நேரத்துல நின்னா மனுஷன் என்ன பண்ணுவான்? எங்கப்பா மாதிரி ஒத்தை எஞ்சின்லயா போனாரு?" என்று அவர்கள் வாயை அடைத்தாள். அவர் சாப்பிடாமல் எழுந்தால் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று பலமுறை கோயில்வரை போய், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார் லாசரஸ். சாமியார் மன்னித்துவிடுவார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஒரு வருடம் கழித்துப் படகை வாங்க ஆள் வந்தது. ஜலாலுதீன் என்ற இளைஞர், பாசிர் பாஞ்சாங் படகுத்துறை ஜெட்டியில் படகைப் பார்த்துவிட்டுப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை லாசரஸ் பூசை முடிந்து வரும் வழியில் சிராங்கூன் ரோடு கோப்பிக்கடையில் சந்திப்பதாகச் சொல்லியிருந்தார். பிரிஜட்டை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று லாசரஸ் எவ்வளவோ பார்த்தார். "அந்த சனியன் கைவிட்டுப் போறதை நானும் பாக்கணும்" என்று கூடவே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"போட்டு நல்லாத்தான் இருக்குண்ணே" என்றார் ஜலாலுதீன். "என்ன, ஒத்தை எஞ்சின். அதான் யோசனையா இருக்கு."

"ஒத்தை எஞ்சினா?" என்று பிரிஜட் சிரித்தாள். "அப்படின்னா நான் விட்டிருப்பேனா தம்பி? ரெண்டு கிபாஸ்!"

"கிபாஸ் ரெண்டுதான்க்கா. ஒரே கால்ல முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. சுத்தறதுக்கு எஞ்சின் ஒண்ணுதானே? நேத்துதான் மூடியத் தொறந்து பாத்தேன்."

பிரிஜட் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். லாசரஸ் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்? அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜலாலுதீன் ஒன்றும் புரியாமல் கோப்பியைக் கலக்கினார்.

அவள் கூச்சல் போடுவாள் என்று லாசரஸ் எதிர்பார்த்தார். அடித்தால்கூட நல்லது என்று இருந்தது. அவள் அழக்கூட இல்லை. பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"ஜெட்டியில கடை வச்சிருக்காரே இப்ராஹீம் பாய், அவரு அற்புதம் போன அன்னிக்கு மத்தியானம் போன் பண்ணாரு. உங்க போட்டு இன்னும் திரும்பலையே, யாரையாவது அனுப்பிப் பாக்கச் சொல்லவான்னு கேட்டாரு."

லாசரஸுக்கு இது தெரியாது. அவர் தலை நிமிர்ந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்னு ஒரு வருஷமா சொல்லாம வச்சிருந்தேன்" என்றாள் பிரிஜட். "வேணாம் பாய், எதுக்கு அவங்களுக்குச் சிரமம், ரெண்டு கிபாஸ் இருக்கு, மெதுவா வந்துடுவாங்கன்னு நான்தான் சொன்னேன்."