முத்திரை அடிக்காத மரம்

என் மச்சானின் காலை வாங்கியது மரம் இல்லை. அன்றைக்குப் பூம்பாறை ரோட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்களே, நீங்கள் மூன்று பேரும்தான். காட்டிலாகா பாரஸ்டர், ரோடு ஓவர்சியர், எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். மழை என்று சாக்குச் சொல்லாதீர்கள். மழை மரத்தைச் சாய்த்ததோடு சரி.

அறுபதுகளில் ஒரு ஐப்பசி. நாலு நாளாக மழை விடவில்லை. ஐந்தாம் நாள் விடிந்த கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து ஒரு தைலமரம் வேரோடு பெயர்ந்து வந்தது. வேர் காட்டுக்குள் கிடந்தது. நடுமரம் ரோட்டை மறித்தது. தலைமாடு என் அக்கா வீட்டின் மேல் இறங்கியது. பரணில் கட்டியிருந்த விதைப்பூண்டு நனைகிறது என்று இறக்கப் போன மச்சான் உள்ளே மாட்டிக்கொண்டார். இடுப்புக்கு மேல் ஒரு கீறல் இல்லை. வலது முழங்காலுக்குக் கீழே உத்திரம் அழுத்திக் கிடந்தது. உத்திரத்தின் மேல் மரம்.

ஊரே தோள் கொடுத்துப் பார்த்தோம். அசையவில்லை. அறுத்தால்தான் ஆகும். ஆனால் ஊரில் ஒரு நல்ல கோடாலி கிடையாது. முந்தின வருஷம் பாதையில் விழுந்த மரத்தை நாலு பேர் வெட்டி ஒதுக்கினோம். தானாக விழுந்த மரமும் சர்க்கார் மரமாம். அதிகாரி சுத்தியலால் முத்திரை அடித்த பிறகுதான் அதில் இரும்பு படலாமாம். திருட்டு என்று கேஸ் போட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்த நாலு பேரில் நானும் ஒருவன். ஊரில் இருந்த கோடாலிகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து எங்கள் ஊரில் விழுந்த மரத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவோம்.

ஓவர்சியர் ஒரு மணி நேரத்தில் ஆட்களோடு வந்துவிட்டார். இரண்டு பேர் இழுக்கிற நீள ரம்பமும் வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"ரோட்டுல கெடக்கிறது என் சோலி. வீட்டு மேல கெடக்கிறது என் சோலி இல்லப்பா," என்றார் ஓவர்சியர். "ரோட்டுல கெடக்கிறதையும் முத்திரை இல்லாம தொட மாட்டேன்."

"அய்யா, உள்ள ஆளு கெடக்குங்க."

"எனக்குக் கண்ணு இல்லையா? பாரஸ்டரக் கேளு."

பாரஸ்டரும் அங்கேதான் குடையோடு நின்றார். "சுத்தியல் ரேஞ்சர் பெட்டியில இருக்கு. கொடைக்கானலுக்கு ஆளு போயிருக்கான். அதுக்குள்ள பஞ்சாயத்துல ஏதாச்சும் எழுதிக் குடுத்தா யோசிக்கலாம்."

தலைவர் எழுத உட்கார்ந்தார். ரேஞ்சருக்கு எழுதுவதா கலெக்டருக்கு எழுதுவதா என்று கிழித்துக் கிழித்து எழுதினார். கடைசியில், "தந்தி அடிச்சாத்தான் சரிப்படும்" என்றார். தந்திக் கம்பி அந்த மரத்துக்கு அடியில் அறுந்து கிடந்தது.

கூரை ஓட்டைக்குள் குனிந்து மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அந்த முத்திரைய என் நெத்தியில அடிச்சிரச் சொல்லு மாப்ள. நானும் அசையாமத்தான கெடக்கேன்."

பத்து மணிக்கு அவர் பேச்சுக் குழறியது. பதினொன்றுக்குக் கால் வலிக்கவில்லை என்றார். வலி போனால் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கொடைக்கானல் போனவன் திரும்பவில்லை. ரம்பம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் சாய்த்து வைத்திருந்தது. நான் எடுக்கவில்லை. கோர்ட் வராந்தா கண்ணுக்குள் நின்றது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

என் அக்கா வந்து ரம்பத்தைத் தூக்கினாள். ஓவர்சியர், "ஏம்மா, வை அதை" என்றார். அவள் காதில் வாங்கவில்லை. ஒரு பிடியை என் பக்கம் நீட்டினாள்.

"ஏலே, நீ பிடிக்கிறியா, இல்ல நான் ஒத்தையில இழுக்கவா?"

பிடித்தேன். மரம் உருண்டால் வீட்டுக்குள் இருக்கிறவர் நசுங்கிப்போவார். அதனால் இரண்டு பக்கமும் கல் முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு இழுப்பாக இழுத்தோம். ஈர மரம் ரம்பத்தைக் கவ்வியது. ஒவ்வொரு தடவை மரம் முனகும்போதும் அக்கா நிறுத்தி, "இருக்கியளா?" என்று கேட்பாள். உள்ளேயிருந்து "ம்" என்று வந்தால்தான் அடுத்த இழுப்பு. எங்களுக்குப் பின்னால் பாரஸ்டர் நோட்டை எடுத்து எங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு மேல் வெளியே எடுத்தோம். கட்டிலில் கிடத்திச் சரிவு சரிவாகத் தாண்டிக் கொண்டுபோனோம். கொடைக்கானல் டாக்டர், "எப்ப விழுந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மச்சான் வீடு திரும்புவதற்கு முன்பே எனக்கும் அக்காவுக்கும் சம்மன் வந்தது. புகார் காட்டிலாகாவுடையது. சாட்சி ஓவர்சியர். மகஜரில் கையெழுத்து பஞ்சாயத்துத் தலைவர். ஒரு ஆளைத் தூக்க ஒரு காலைப் பொழுது முழுக்க ஒன்றுசேராத மூன்று ஆபீசும் ஒரே காகிதத்தில் எவ்வளவு வெரசாக ஒன்றுசேர்ந்தன.

கேஸ் பிறகு தள்ளுபடியானது. அதைப் பற்றி எனக்கு இப்போது பேச்சில்லை. மச்சான் பூண்டு வயலின் படிகளில் ஏறி எத்தனையோ வருஷம் ஆகிறது. இப்போது அக்காதான் ஏறுகிறாள். நீங்கள் மூன்று பேரும் உயிரோடுதான் இருக்கிறீர்கள். பென்ஷன் வாங்குகிறீர்கள், கல்யாண வீடுகளில் முன் வரிசையில் உட்காருகிறீர்கள். பூம்பாறை பஸ் நிற்கிற இடத்துக்கு ஒரு சந்தை நாளில் வாருங்கள். ஊரும் என் அக்காவும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: "அறு" என்று ஒரு வார்த்தை சொல்லும் அதிகாரம் அன்றைக்கு உங்களில் யாரிடம் இருந்தது?