ஆலா பறந்த திசை

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் இரண்டு எஞ்சின் படகு வாங்கினேன், எங்கள் தீவின் டெலானிபூரில் மாடி வீடும் கட்டினேன். ஸார், பறவை பார்க்க வந்த உங்களை இன்று படகில் ஏற்றும்போது, நங்கூரக் கயிற்றில் பறவை எச்சத்தின் புளித்த வாடை அடித்ததும், சுனாமி விழுங்கிய மணல்திட்டு நினைவுக்கு வந்துவிட்டது. ஆலாப் பறவைகள் குஞ்சு பொரிக்கிற அந்தத் திட்டருகே அப்பாவும் எட்டு வயது நானும் தூண்டில் போட்டிருந்த ஒருநாள், மழை இறங்கித் திட்டும் கரையும் மறைய, அலை படகுக்குள் ஏற, எந்தப் பக்கம் என்று தெரியாமல் அப்பாவின் துடுப்பு நின்றது.

“அப்பா, ஆலா மீனைக் கவ்விட்டுப் போகுது. குஞ்சுகிட்டதான் போகும், பின்னாலயே விடு!”

“வாயை மூடுங்க, கேப்டன் சாப்!” என்றார். ஆனாலும் துடுப்பைத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் படகின் அடியில் திட்டின் மணல் உரசியது.

வழியைக் கண்டுபிடித்தது தான்தான் என்று அப்பா சாத்தம் ஜெட்டியில் எல்லாரிடமும் சாகும்வரை சொன்னார். ஸார், நீங்கள் எழுதுகிற புத்தகத்தில் அப்பா பெயரையும் போடுங்கள். ஆனால் ஆலாவைப் பார்த்தது நான். என் பெயர் முதலில் வரவேண்டும்.