மொத்த நட்டம்

கட்டுகஸ்தோட்டை கராஜில் என் காரைப் பார்க்க வந்த இன்சூரன்ஸ் மதிப்பீட்டாளர் ஒல்லியானவர். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். அது யுத்த காலம். வாடகைக்குக் கார் ஓட்டி, ஹயர் ஓடிப் பிழைத்த நான், முந்தைய வாரம் லொறியொன்றில் மோதியிருந்தேன். எயார்பேக் இரண்டும் வெடித்து விரிந்ததால் நானும் மனைவியும் தப்பினோம்.

எதையும் எழுதுமுன் அவர் சாரதி ஆசனத்தில் ஏறிக் கண்மூடிச் சற்று நேரம் உட்கார்ந்தார். எந்த வண்டியானாலும் அப்படித்தான் என்றார் கராஜ்காரர்.

"மொத்த நட்டம் எண்டுதான் எழுதவேணும், தம்பி," என்றார் மதிப்பீட்டாளர் இறங்கிவந்து.

"இன்ஜின் ஓடுதுங்களே ஐயா! திருத்திக் குடுத்தா பொழச்சிக்குவேன்."

"ஓம், ஓடும். முன்பக்கத்தைத் திருத்திப் புது எயார்பேக் பை போடக் காரின்ர விலையை விடக் கூடச் செலவாகும். பை இல்லாமல் ஓடினா, அடுத்தமுறை உங்களைக் காப்பாத்த ஒண்டும் இராது."

எனக்குக் கோபம் வந்தது. "ஒங்க சொத்துன்னா இப்படி எழுதுவீங்களா?"

"யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டில ஷெல் விழுந்தது. அதைப் பார்த்து எழுத ஒருத்தரும் வரேல்லை," என்றார் அமைதியாக.

அவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்திட்டேன். அவர் பக்கத்துப் பாலத்திலிருந்த இராணுவச் சோதனைச் சாவடியை நோக்கி, யாரும் கேட்குமுன்பே அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.