தம்பியின் ஒரு ஜிபி

தெருவில் எனக்கு வாய்க்காரன் என்று பெயர். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் சரி, பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் போனாலும் சரி, முதல் சத்தம் என்னுடையதாகத்தான் இருக்கும். அதனால், நாளுக்கு இரண்டு ஜிபி என்றிருந்ததை எங்கள் மொபைல் கம்பெனி அதே காசுக்கு ஒரு ஜிபி ஆக்கியபோது, வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனை ரீசார்ஜ் கடையில் கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்ததுமே வழிவிட்டார்கள். என் பின்னால் தம்பி நின்றான்.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் மனைவிக்கும் காது கேட்காது. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காக அவள் உசிலம்பட்டியில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி வேலை முடிந்து வந்து, குளித்து, சட்டை மாற்றி, மொபைலைச் சுவரோரம் சாய்த்து வைத்துக்கொண்டு ஏழு மணிக்கு வீடியோ காலில் உட்காருவான். கைக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்று டியூப்லைட்டுக்கு நேர் கீழே உட்காருவான். ஒரு மணி நேரம் இரண்டு கைகளும் ஓயாது.

நாலு நாளுக்கு முன்னால் அந்தப் பேச்சில் ஒரு சண்டை வந்தது. பிரசவத்துக்கு மதுரைக்கு வந்துவிடு என்கிறான் இவன். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் தைரியம் என்கிறாள் அவள். வேலைக் களைப்பில் தம்பி ஒரு நிமிடம் கண்ணைக் கசக்கினான். அந்த நேரம் பார்த்து டேட்டா தீர்ந்தது. அவள் திரையில், மூடிய கண்களோடு தம்பி முகம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது.

இது நமக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. காது கேட்காதவர்கள் சண்டையில் கண்ணை மூடிக்கொண்டால், இனி நீ சொல்வது எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். நாம் எதிராளியின் வாயைப் பொத்துவதற்குச் சமம். அவர்கள் வீட்டில் எந்தக் கோபத்திலும் அதை மட்டும் செய்ய மாட்டார்கள்.

மறுநாள் காலை தம்பி, டேட்டா தீர்ந்துபோச்சு என்று மெசேஜ் அனுப்பினான். அவள் ஒரே ஒரு பதில் போட்டாள். 'நீ படம் பார்க்க மாட்டாய். பாட்டு கேட்க மாட்டாய். எப்படித் தீரும்?' அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு மொபைல் கம்பெனி மேல் ஆத்திரம் பொங்கியது.

கடையில் ஆளாளுக்கு ஒரு குறை. "காசக் கொறைக்காம டேட்டாவ மட்டும் கொறைச்சுட்டாய்ங்க, பாத்தியளா?" என்றார் ஆட்டோக்காரர். "ரெண்டு சவாரிக்கு மேப் போட்டா அம்புட்டுதான், சுத்துது." நர்சிங் படிக்கும் பெண், பாடமெல்லாம் வீடியோவில்தான் வருகிறது என்று புலம்பினாள். ஒரு அம்மா, "நல்லதுதான், எங்க வீட்டுல இப்பத்தான் எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசுறாய்ங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடு என்று நாலு பேர் கேட்க, "அங்கிட்டும் இதே கதைதாண்ணே" என்றார் கடைக்காரர்.

நான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். போனை எடுத்த பெண் பொறுமையாகப் பேசினாள். "சார், உங்கள் பிளானில் வாய்ஸ் கால் அன்லிமிடெட். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம்."

"என் தம்பிக்குக் காது கேக்காதும்மா!" என்று கத்தினேன்.

கடையில் எல்லோரும் திரும்பித் தம்பியைப் பார்த்தார்கள். போனில் அந்தப் பெண், "சாரி சார்" என்றாள். ஜெயித்துவிட்டது போல நான் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கடைக்காரர் தம்பியின் மொபைலைக் கேட்டு வாங்கி செட்டிங்ஸைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "அண்ணே, முக்காவாசி ஹாட்ஸ்பாட்ல போயிருக்கு. இவரு போன்ல இருந்து வேற யாரோ எடுக்குறாக. யாருண்ணே?"

யாரென்று எனக்குத் தெரியும். அந்த மொபைலை வாங்கியதும் எல்லாம் அமைத்துக் கொடுத்தது நான்தான். வீட்டில் ஒரு நெட் இருக்கும்போது எனக்கு எதற்குத் தனியாக என்று, என் மொபைலை அதோடு இணைத்து வைத்ததும் நான்தான். அவன் குளிக்கப் போகும் நேரத்தில் ஜல்லிக்கட்டு வீடியோவும் டிவி விவாதமும் அதில்தான் ஓடும். இரண்டு ஜிபி இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. தம்பியிடம் நான் கேட்டதும் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்காகக் கடையில், பள்ளியில், பெண் பார்க்கப் போன இடத்தில் பேசியவன் நான். அவனுடையதெல்லாம் என் கையில் இருப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது.

"தெரியலப்பா" என்றேன்.

தம்பி என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டைப் பார்த்தே பாதிப் பேச்சைப் பிடித்துவிடுவான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். அன்று மாலை டேட்டா மிச்சமிருந்தது. ஆனால் அவள் எடுக்கவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே, சாய்த்து வைத்த மொபைலுக்கு முன்னால் தம்பி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். செக்கானூரணி தாண்டியும் கை எழவில்லை.

வாசலில் அவளுடைய அம்மா, "வாங்க மாப்ள, வாங்க" என்று அழைத்துவிட்டு என்னிடம் மெல்ல, "யாரு சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறா" என்றார். தம்பி மனைவி நிறைமாத வயிற்றோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி அவள் எதிரே போய் நின்றான். இரண்டு கைகளும் சும்மா தொங்கின. பார்க்காதவளிடம் அவன் எப்படிப் பேசுவான்?

நான் கீழே உட்கார்ந்து, குனிந்த அவள் முகத்துக்கு நேராகக் கைகளை நீட்டினேன். ஊருக்கே கேட்கும் என் வாய் அங்கே எதற்கும் உதவாது. என் கைகளோ திக்கும். முப்பது வருடமாகச் சோறு, தண்ணீர், வா, போ என்பதற்கு மேல் அவற்றைப் பழக்கவில்லை. முதலில் தம்பியின் மொபைலைக் காட்டினேன். பிறகு என் நெஞ்சைத் தொட்டேன். சாப்பிடுவதுபோல் விரல்களை வாய்க்குக் கொண்டுபோனேன். உன் புருஷன் போன், நான் தின்றேன், தினமும். தம்பியைக் காட்டிக் கண்ணை மூடினேன். இல்லை என்று கையை அசைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

தம்பிக்கும் அப்போதுதான் புரிந்தது. கடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சேர்ந்து புரிந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"டேய் தம்பி" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். பழக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். இவன் அசையவில்லை. கைகளை அவன் முகத்துக்கு நேராக ஆட்டினேன். அதுவும் வீண். பிறந்ததிலிருந்து என்னோடு இருந்தவன், ஒரு முழம் தள்ளி நிற்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வழியில்லை. அழுதுவிட்டேன்.

தம்பி மனைவி கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவன் தோளை இரண்டு முறை தட்டினாள். அவன் கண் திறந்ததும், இத்தனை நாளாக அவனிடம் பேசாத கைகள் முதல் முறையாக அசைந்தன.

'உன் அண்ணன் பேசுகிறார், பார்.'

தம்பி என் பக்கம் திரும்பினான். எங்கே விட்டேன் என்று எனக்கு மறந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்கினேன்.