ஏரிக்கரைப் பாதையில் செக்வே

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மே மாதம் நான்கு நாள் லீவில் கள்ளக்குறிச்சிக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்த கையோடு போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கல்வராயன் மலையில் ஏரிக்கரையோரம் யாரோ ஒரு தனியார் ஆள் புதிதாக செக்வே விட்டிருக்கிறாராம். இரண்டு சக்கரம், நடுவில் நிற்பதற்கு ஒரு தட்டு, பிடித்துக்கொள்ள நெஞ்சு உயரத்துக்கு ஒரு கைப்பிடி. உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டே போக வேண்டும். ஒரு வழிகாட்டி முன்னால் போவார், மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். முதல் தடவை ஓட்டுபவர்களும் வரலாம், வயது தடையில்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"நம்ம மூணு பேருக்கும் போட்டுட்டேம்மா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு," என்றாள்.

"எனக்கு வேணாம். நான் கரையில ஒக்காந்துக்கினு இருக்கேன்," என்றார் என் கணவர்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் பாத்திரக்கடையில் இருபது வருடமாக நின்றே வியாபாரம் பார்க்கிறவள். நாற்பத்தைந்து வயதில் ஸ்கூட்டி கற்றுக்கொண்டேன். அப்போது சொந்தத்தில் பாதிப் பேர் என் கணவரிடம் வந்து கேட்டார்கள், நீங்க சொல்லித்தான் ஓட்டறாங்களா என்று. அந்தப் பேச்செல்லாம் கேட்டு முடித்தவளுக்கு இன்னும் இரண்டு சக்கரம் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

மறுநாள் கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுகளில் ஏறி, வெள்ளிமலையில் டீ குடித்துவிட்டு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. வாசலில் செக்வேக்கள் வரிசையாக நின்றன. சேலத்திலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி எங்களுக்கு முன்பே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார்கள். வழிகாட்டிக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய விசில்.

அவன் என்னை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தான்.

"ஆன்ட்டி, நீங்க பையெல்லாம் பாத்துக்கினு அங்க ஒக்காருங்க."

"எனக்கும்தான் டிக்கெட் போட்டிருக்கு."

"இந்த டிரெஸ்ஸோட கஷ்டம் ஆன்ட்டி. சக்கரத்துல மாட்டும்."

அது நியாயமான பேச்சு. புர்காவைக் கழற்றி மடித்து என் கணவர் கையில் கொடுத்தேன். உள்ளே சுடிதார்தான். துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஹெல்மெட்டுக்குக் கை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை.

"வெயிட்டு எவ்ளோ ஆன்ட்டி? நூறு தாண்டினா மெஷின் தாங்காது."

எல்லார் முன்னாலும் கேட்டான். எனக்குக் காது சூடானது. சேலத்துக்காரருக்கு என்னைவிடப் பெரிய உடம்பு, சட்டைப் பொத்தான் தெறித்துவிடும் போல் இருந்தது. அவரிடம் எடை கேட்டதாகத் தெரியவில்லை. என் மகள் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுகிற மாதிரி சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

"எழுபத்தெட்டு. அவரையும் கேட்டுக்கோப்பா," என்றேன்.

அவன் ஹெல்மெட்டைக் கொடுத்தான்.

பயிற்சி பத்து நிமிடம். ஆரஞ்சு நிறக் கூம்புகளை வட்டமாக வைத்து அதற்குள் சுற்றச் சொன்னான். முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், திரும்ப வேண்டிய பக்கம் கைப்பிடியைச் சாய்க்க வேண்டும். இறங்கும்போதுதான் ஜாக்கிரதை என்றான். ஒவ்வொரு காலாகப் பின்னால் தரையில் வைக்க வேண்டும், ஒரு கால் தட்டில் இருக்கும்போது கைப்பிடியைத் தள்ளிவிட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். முதல் இரண்டு சுற்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனேன். மூன்றாவது சுற்றில் வண்டி எனக்குப் பிடிபட்டுவிட்டது. போக வேண்டும் என்று உடம்பு நினைப்பதற்கும் சக்கரம் நகர்வதற்கும் இடையில் ஒன்றுமே இல்லை. சேலத்து அம்மா இரண்டு கூம்பைத் தள்ளிவிட்டார். நான் ஒன்றையும் தொடவில்லை. அதை அவன் பார்த்தானா என்று பார்த்தேன். அவன் போன் பேசிக்கொண்டிருந்தான்.

கிளம்பினோம். முன்னால் அவன், பிறகு சேலத்துக்காரர்கள், பிறகு என் மகள், கடைசியில் நான். ஏரியோரம் சிமெண்ட் கல் பதித்த பாதை, இரண்டு பேர் கைவீசி நடக்கிற அகலம்தான். வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் மண்சரிவு. முந்தின நாள் மழை பெய்து சரிவெல்லாம் சேறாக இருந்தது. அக்கரை ஊர்க்காரர்கள் பஸ் ஏறப் போவதற்கும் அந்தப் பாதைதான்.

பாதையில் யாராவது வந்தால் அவன் விசில் ஊதினான். முதலில் தோளில் மண்வெட்டியோடு ஒரு பெரியவர் வந்தார். விசில் கேட்டதும் சரிவில் இறங்கி நின்று எங்களைப் பார்த்தார். நான் அவரைக் கடந்து போனேன். உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. காற்று முகத்தில் அடித்தது, தண்ணீர் கூடவே ஓடி வந்தது, எனக்காக ஒருவர் வழி விட்டு நிற்கிறார். நன்றாகத்தான் இருந்தது.

பாதை வளைகிற இடத்தில் ஒரு அம்மா எதிரே வந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் வாழை இலை மூடியிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் பலாச்சுளை விற்பவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. தலைச்சுமையோடு சட்டென்று ஒதுங்க முடியுமா. அவன் நிற்கவும் இல்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. விசிலை ஊதிக்கொண்டே, "ஓரம் போ, ஓரம் போ. கண்ணு தெரியல ஒனக்கு?" என்று கத்தினான்.

அந்த அம்மா சரிவுப் பக்கம் காலை வைத்தார். சேறு வழுக்கியது. முழங்காலில் விழுந்து, கை ஊன்றி, சரிவில் உட்கார்ந்த மாதிரி சறுக்கிப் போனார். அன்னக்கூடை பாதையில் விழுந்து சத்தத்தோடு உருண்டது. சுளையெல்லாம் சேற்றில்.

"நிக்காதீங்க, நிக்காதீங்க, நின்னா வுழுந்துடுவீங்க, பின்னாடியே வாங்க," என்றான் அவன்.

சேலத்துக்காரர்கள் போனார்கள். என் மகள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், பிறகு அவளும் போனாள். நான் பின்னால் சாய்ந்தேன். வண்டி நின்றது. அவசரத்தில் சொல்லிக்கொடுத்ததை மறந்து ஒரு காலைத் தரையில் வைத்ததும் கைப்பிடியைத் தள்ளிவிட்டேன். வண்டி தன்பாட்டுக்கு நாலு அடி ஓடிப் பாதையோரக் கல்லில் மோதிப் படுத்துக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்குத்தான் அவன் திரும்பி வந்தான். ஒரு மனுஷி விழுந்த சத்தத்துக்கு வரவில்லை.

"ஆன்ட்டி, யாரு ஒங்கள எறங்கச் சொன்னது? இது இன்னா வெலைன்னு தெரியுமா?"

"மொதல்ல அந்தம்மாவத் தூக்கு."

"அவங்களுக்கு டெய்லி இதே வேல ஆன்ட்டி. டூர் போற நேரத்துல வராதன்னா கேக்கறதில்ல."

"அவங்க நடக்கற பாதையில நீ வந்து வண்டி வுட்டுக்கினு, அவங்கள வராதன்னு சொல்றியா? அவங்க வயசு இன்னா, ஒன் வயசு இன்னா? கண்ணு தெரியலயான்னு கேக்கற. ஒங்க அம்மா தலையில பாரம் வெச்சிக்கினு வந்தா இப்பிடித்தான் ஊதுவியா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடையில் எத்தனையோ பேரிடம் சத்தம் போட்டிருக்கிறேன். அதெல்லாம் வியாபாரச் சத்தம். இது அடிவயிற்றிலிருந்து வந்தது. காலையில் அவன் எடை கேட்டதும், பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதும் அதோடு சேர்ந்துதான் வந்தது. அதையும் நான் மறைக்கவில்லை.

அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கீறல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் சரிவில் இறங்கினேன். அந்த அம்மா எழுந்து அன்னக்கூடையை எடுத்து வைத்துக்கொண்டு, சேறு படாத சுளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நானும் குனிந்து நாலு சுளை எடுத்தேன்.

"வுடுங்க. நீங்க கைய வெக்காதீங்க," என்றார்.

"அவனச் சும்மா வுடக்கூடாதும்மா. வாங்க, கொட்டகைக்குப் போயிக் கேக்கலாம். மன்னிப்பு கேக்க வெக்கறேன்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"நீங்கல்லாம் ஏறி ஓட்டறதாலதான அவன் ஊதறான். அவன மட்டும் இன்னாத்துக்குக் கேக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்காகத்தானே இறங்கினேன், உங்களுக்காகத்தானே கத்தினேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அந்த நிமிடத்தில் அவர்மேல் வந்த கோபம் அவன்மேல் வந்ததற்குக் கொஞ்சமும் கம்மி இல்லை. அவர் இலையைத் திருப்பி மூடி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு என்று நடந்துவிட்டார்.

நான் மறுபடி ஏறவில்லை. கொட்டகை வரைக்கும் ஹெல்மெட்டோடு நடந்தே வந்தேன். அங்கே நிர்வாகி என்று ஒருவர் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். சுற்று முடித்து வந்த வழிகாட்டியை அவர் கூப்பிட்டார். அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சாரி மேடம்," என்றான். அதுவரை ஆன்ட்டியாக இருந்தவள் மேடமாகிவிட்டேன்.

"எங்கிட்ட எதுக்கு சாரி? வுழுந்தது நானா?"

"ஒங்களுக்கு இன்னொரு ரவுண்டு ஃப்ரீயா தரச் சொல்றேங்க," என்றார் நிர்வாகி. என் கணவர் என் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

மலை இறங்கும்போது மகளிடம் கேட்டேன்.

"நீ ஏன் நிக்கல?"

"நின்னா வுழுந்துடுவேன்னு அவர் சொன்னாரும்மா."

"வுழுந்தா இன்னா? அந்தம்மா வுழலையா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் கணவர்தான் மெதுவாகச் சொன்னார்.

"பொண்ண இன்னாத்துக்குத் திட்ற. மலையிலருந்து எறங்கி வர்றவங்ககிட்ட நம்ம கடையில நீ எப்பிடிப் பேசற? 'இன்னா வேணும் ஒனக்கு'ன்னுதான கேக்கற. டவுன்காரங்க வந்தா 'வாங்க, ஒக்காருங்க'."

கச்சிராயபாளையம் வரும் வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் தானாகவே, எனக்குத் தெரியாமல், டிக்கெட் போட்ட இணையப் பக்கத்தில் நடந்ததையெல்லாம் எழுதியிருந்தாள். ஒரு வாரம் கழித்துச் சென்னையிலிருந்து போன் செய்து, பதில் வந்திருப்பதாகப் படித்துக் காட்டினாள். உங்கள் கருத்துக்கு நன்றி, வாடிக்கையாளர்களின் பாதுகாப்புக்காகப் பாதையில் அறிவிப்புப் பலகை வைத்துவிட்டோம் என்று இருந்தது. என்ன பலகை என்று படமும் போட்டிருந்தார்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை பொதுமக்கள் இந்தப் பாதையில் நடக்கக் கூடாது.

நான் போட்ட சத்தத்துக்குக் கிடைத்தது இதுதான். அவன் ஒருவன் ஊதிய விசில் போய், இருக்கிற அத்தனை பேருக்கும் வழியே இல்லை என்று பலகை.

அடுத்த திங்கட்கிழமை, அந்தப் பலகையை எடுக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன். முந்தின நாள் நானே எழுதிப் பார்த்தேன். முதல் தடவை எழுதியதில் முக்கால்வாசி, என்னை எடை கேட்டது, ஆன்ட்டி என்றது. கிழித்துப் போட்டேன். இரண்டாவதும் அப்படியே வந்தது. அதனால் ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மேசை போட்டு மனு எழுதித் தருபவரிடம் போனேன். வெள்ளைச் சட்டை போட்ட நடுவயதுக்காரர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"பாதிக்கப்பட்டவங்க பேரு இன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. அவரைத் தூக்கினேன் என்று சொல்ல முடியாது, அவரே எழுந்தார். சுளை பொறுக்கினேன், மன்னிப்பு வாங்கித் தருகிறேன் என்றேன், அவர் கையில் ரத்தத்தைப் பார்த்தேன். உங்க பேரு இன்னாம்மா, எந்த ஊரு என்று கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

"தெரியாதுங்க," என்றேன்.

"நீங்க மலையில இருக்கறவங்களா?"

"இல்ல. இதே ஊருதான். பாத்திரக்கடை."

"பேரு இல்லாம, ஊரு இல்லாம எழுதுனா மனு நிக்காதுங்க."

"அந்தப் பாதையில நடக்கறவங்க எல்லாரும்னு எழுதுங்க. அதுல வண்டி ஓட்டுனவ நானு. அதனால எம்பேர்ல எழுதுங்க."

அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். உள்ளே போய்க் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு வந்தேன்.

மழைக்காலம் வந்ததும் அந்தத் தனியார் ஆள் வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். கூட்டம் வரவில்லையாம். என் மனுவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. பலகை மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று, போன வாரம் சாமை விற்ற காசில் குண்டான் வாங்க வந்த ஒரு மலைக்காரர் சொன்னார். நீங்க அந்த வழியா நடக்கறீங்களா என்று கேட்டேன்.

"நடக்காம? பஸ்ஸுக்கு வேற வழி ஏது?" என்றார், குண்டானின் அடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டே.