புரட்டாசிப் பூனை

நெரவியில் வடிவாம்பாளிடம் பால் ஊற்றுகிறவர்கள் பயந்துகொண்டேதான் ஊற்றுவார்கள். விரலை விட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டாள். நெல் மூட்டைக்குக் காவலாக வளர்த்த கடுவன் பூனையைக்கூட அவள் நம்பியதில்லை. அதற்குக் கொல்லையில் ஒருவேளைச் சோறுதான். வயிறு நிறைந்த பூனை எலி பிடிக்காது என்பாள்.

புரட்டாசி பிறந்ததும் வீட்டில் மீன் நின்றது. பூனையோ கொழுத்துக்கொண்டே போனது. எலிகள் மூட்டையைக் கடித்தன. பூனையைத் தூக்கி முகர்ந்தாள். மீன் குழம்பு வாசம்.

"பக்கத்து வீட்டு எத்மோன் வேலைதாங்க இது. பிரெஞ்சு பென்ஷன்ல வளக்கறதுக்கு எம் பூனைதான் கெடச்சுதா?" என்றாள் கணவன் சிவராமனிடம்.

"பூனைய யாரு கட்டிப் போட முடியும்?" என்றார் அவர். விரதமென்று பாதிச் சோற்றிலேயே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

சற்று நேரத்தில் பூனை வேலியைத் தாண்டியது. அவளும் பின்னாலேயே போய் எத்மோன் வீட்டுக் கொல்லைக் கதவைத் தள்ளினாள். மேசைக்கடியில் பூனை மீன் முள்ளை மென்றுகொண்டிருந்தது. மேசையில் எத்மோனுக்கு எதிரே, தட்டில் குனிந்த தலை நிமிராமல் சிவராமன்.

"ஒரு பூனையத்தாங்க தேடி வந்தேன்," என்றாள் எத்மோனிடம். "இங்க ரெண்டுல்ல இருக்கு."