சகலையின் பேட்டரிப் பெட்டி

சகலைக்குத் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

எலக்ட்ரிக் வேனுக்கான பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து வரைந்தே இவருக்கு முடி கொட்டியது. வண்டிக்கு உயிரான பேட்டரிப் பெட்டியோ நேற்று வந்த சகலைக்குப் போனது. அதைத் தாங்குகிற பிராக்கெட்தான் இவருக்கு. மாமனார் வீட்டில் எந்நேரமும் சின்ன மாப்பிள்ளை புராணம். மூடி மறைப்பானேன், இவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு மதியம் சகலை எழுந்து போனதும் அவனுடைய டிசைனைத் திறந்தார். மற்ற பாகங்களையெல்லாம் மறைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழ் மூலையில் ஒரு போல்ட் துளை, பக்கச் சுவரை ஒட்டி நின்றது. திரையில் மௌஸைத் தட்டினால் போல்ட் உட்கார்ந்துவிடும். வண்டியைப் பூட்டுகிற ஷெட்டிலோ அதை முறுக்க ஸ்பேனர் நுழைய வழியே இல்லை. சந்தோஷத்தில் இவருக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து நாற்காலிதான், அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேட்டரிக் குழுவுக்கு யார் தலைவர் என்று மேனேஜர் முடிவு செய்யும் மீட்டிங் வரை பொத்தி வைத்திருந்தார்.

"ஸ்பேனர் எந்த வழியா போகும் தம்பி?" என்று அங்கே எல்லார் முன்னாலும் கேட்டார்.

சகலை திரையை உற்றுப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன், இவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"என் தப்புதான் சார். மாத்திடறேன்."

மேனேஜர் குழுவை இவரிடமே ஒப்படைத்தார்.

மீட்டிங் முடிந்ததும் சகலை இவர் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, பெட்டி ஓட்டைய உங்க பிராக்கெட் ஓட்டையோட இணைச்சு வச்சிருந்தேன். அது நகர்ந்தா இதுவும் நகரும். போன வாரம் நீங்க அத நகத்தினீங்கல்ல, அப்ப இதுவும் கூடவே சுவர்கிட்ட போயிடுச்சு. பழைய இடத்துலயே வச்சிடுங்க, சரியாயிடும்."

"இத அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"உங்களப் போயி எப்படிண்ணே... நீங்க வாங்கிக் குடுத்த வேல."

நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது இவர் நிம்மதியாக வெறுத்துத் தொலைத்திருப்பார்.

இரவு சாப்பாடு போடும்போது மனைவியின் முகமெல்லாம் சிரிப்பு. "தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணாரு. அவர் பண்ண தப்ப நீங்கதான் கண்டுபிடிச்சு காப்பாத்தினீங்களாமே? அப்பா உங்களப் பத்தியேதான் பேசிட்டிருக்காரு."

இந்தப் பேச்சுக்குத்தான் இத்தனை நாள் ஏங்கினார். "ஆமா" என்றார். இந்தப் பேரையும் சகலைதான் வாங்கிக் கொடுத்திருந்தான்.